மாமாவின் ரிவால்வரும் அதன் தோலுறையும்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் காலையில் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. நம் சங்கத்தில் நெடுநாளாக அங்கத்தினராக இருக்கும் ஒரு மாமி பேசினார். அவர் கணவர் டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருஷம் மானேஜராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுக் கல்கத்தாவில் குடியேறியவர். காலமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"நீங்கதான் பேங்க்ல காவல்காராளோட துப்பாக்கியெல்லாம் பார்த்துண்டிருந்தவராச்சே, உங்களைக் கேட்டா தெரியும்னு கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தார். விஷயம் இதுதான். மாமாவின் பீரோவில் பட்டு வேஷ்டிகளுக்கு அடியில் ஒரு ரிவால்வர். பரண்மேல் கான்வாஸ் பையில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டுக்கும் லைசென்ஸ் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. மாமியின் தங்கை பிள்ளை ஒருவர் இப்போது டூவார்ஸில் ஒரு தோட்டத்தில் உதவி மானேஜர். "அவன் கேக்கறான், குடுத்துடலாம்னு இருக்கேன். உறைதான் பழசாப் போயிடுத்து. பென்டிங்க் தெருவில புதுசா ஒண்ணு தைக்கக் குடுக்கலாமா? ரிவால்வரையே எடுத்துண்டு போய்க் காமிச்சாத்தானே அளவு எடுப்பான்?"

நான் பதறிப்போனேன். "மாமி, அதைத் தொடவே தொடாதீங்கோ. நான் மத்தியானம் வர்றேன்" என்றேன்.

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அந்த டெலிபோன்தான். நம்மில் பல குடும்பங்களில், இங்கேயோ ஊரிலோ, இப்படி ஒரு பழைய துப்பாக்கி பரண்மேல் இருக்கும். தாத்தா பட்டாளத்தில் இருந்திருப்பார், பெரியப்பா எஸ்டேட்டில் இருந்திருப்பார், தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர்கள் வீட்டிலும் ஒன்று தொங்கும். லைசென்ஸ் தாத்தா பேரில் இருக்கும், தாத்தா போட்டோவில் இருப்பார். நடுவில் இருக்கும் நாம் நம் வீட்டுச் சாமான்தானே என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதல்ல. லைசென்ஸ்தாரர் கண்மூடிய அன்றே அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அப்படிப்பட்ட ஆயுதத்தைத் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை முன்பு ஒன்றிலிருந்து மூன்று வருஷம். 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டிலிருந்து ஐந்து வருஷம். எழுபது வயது மாமியை யாரும் உடனே ஜெயிலில் போட்டுவிட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் தங்கை பிள்ளை அதைப் பையில் போட்டுக்கொண்டு காஞ்சன்கன்யா எக்ஸ்பிரஸில் ஏறி, வழியில் சோதனையில் மாட்டினால் யாராலும் காப்பாற்ற முடியாது.

மத்தியானம் போனேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதி, லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் மரணச் சான்றிதழின் நகலும் இணைத்துக் கொடுத்தோம். சாயங்காலமே ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார், மரியாதையான மனிதர். ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து, குழலைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திறந்தார். ஆறு அறைகளில் ஐந்தில் தோட்டா இருந்தது.

மாமியின் பேரன் பெங்களூரிலிருந்து பூஜா லீவுக்கு வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போயிருந்தான். வயசு ஒன்பது. அந்த பீரோவில்தான் அவனுக்கு மிட்டாய் டப்பா வைத்திருந்தார்கள். மாமி ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இனி மாமி கேட்ட இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். பழைய துப்பாக்கிக்கு என்ன மதிப்பு? நல்ல உறை எப்படித் தைப்பது? இரண்டுக்கும் விடை தேட நம் கல்கத்தாவைப் போல ஓர் ஊர் கிடையாது.

டல்ஹௌசி ஸ்கொயரைச் சுற்றி ஒரு காலத்தில் துப்பாக்கிக் கடைகள் வரிசையாக இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. நரசிங் சந்தர் தாவ் கம்பெனி 1835இல் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டை வங்காளிகள் 'பந்தூக்வாலா பாடி' என்றே சொல்வார்கள். அங்கே துர்கா பூஜையில் சந்தி பூஜை நேரத்துக்கு ஒரு சின்னப் பீரங்கி வெடிப்பது பரம்பரை வழக்கம். வெள்ளைக்காரர் கடைகளில் மான்டன் கம்பெனி பெயர் பெற்றது. ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி ரைஃபிள் லண்டனில் செய்யப்பட்டு, 1905இல் கல்கத்தா மான்டனுக்கு அனுப்பப்பட்டதுதான். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக லெப்டினன்ட் கவர்னர் ஹ்யூவெட் அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த ரைஃபிள் நல்ல நிலையில் இருக்கிறது. இப்போது ரிக்பி கம்பெனியாரிடமே திரும்பப் போய்விட்டது.

இன்னொரு கடை ரோடா கம்பெனி. இந்தப் பெயரைக் கேட்டால் வயதான வங்காளிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1914 ஆகஸ்ட் 26ஆம் தேதி ரோடா கம்பெனிக்குக் கப்பலில் வந்த சரக்கைக் கஸ்டம்ஸ் ஹவுஸிலிருந்து எடுத்துவர ஏழு மாட்டுவண்டிகள் போயின. கம்பெனி குமாஸ்தா சிரீஷ் சந்திர மித்ராவும் புரட்சிக்காரர்களும் சேர்ந்து செய்த ஏற்பாட்டில் ஆறு வண்டிதான் வான்சிட்டார்ட் ரோவில் இருந்த கிடங்குக்கு வந்தது. ஏழாவது வண்டி போபஜார் மலங்கா சந்துக்குப் போய்விட்டது. அதில் 50 மௌஸர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். வண்டி ஓட்டியவர் வண்டிக்காரர் வேஷத்தில் இருந்த ஹரிதாஸ் தத்தா. அடுத்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி பாலசோர் அருகே பாகா ஜதீன் போலீஸோடு மோதியபோது அவர் குழுவின் கையில் இருந்தவை மௌஸர்கள்தான்.

உறையைப் பற்றி எழுதும்போது மௌஸரை விட்டுவிட முடியாது. அதன் உறை தோல் அல்ல, மரம். பிஸ்டலை வெளியே எடுத்து, அந்த மர உறையையே பிடியின் பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் சின்ன ரைஃபிள் ஆகிவிடும். சர்க்கார் அந்தத் திருட்டுக்கு அவ்வளவு பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம். (நம் பக்கத்துக் கதையும் எல்லோருக்கும் தெரியும். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். சட்டைப் பைக்குள் அடங்குகிற பிஸ்டல், உறையே தேவைப்படாதது.)

மதிப்புக்கு வருவோம். மாமாவின் ரிவால்வர் .32 வெப்லி. அறுபதுகளில் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் முன்னூறு ரூபாய்க்கு வாங்கியதாக மாமா சொல்லுவாராம். வியாபாரி சொன்ன விலை லட்சக் கணக்கில் இருந்தது. "முன்னூறு ரூபாய் சாமானுக்கா?" என்று மாமிக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனால் இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு அவர் சொன்ன விலை ஒரு நல்ல மிக்ஸி வாங்கத்தான் போதும். அதுவும் சீமைச் சரக்கு, வேலைப்பாடு அதில்தான் அதிகம்!

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. 1980களின் நடுவில் தனி மனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது அநேகமாக நின்றுபோயிற்று. பெயர் பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. ஆகவே நாட்டில் இருக்கும் வெப்லியும் கோல்ட்டும் ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் இருப்பவைதான், கூட வராது. கைத்துப்பாக்கி கேட்பவர்களோ அதிகம். கான்பூர் சர்க்கார் ஃபாக்டரியில் செய்யும் .32 ரிவால்வரே வெப்லியின் அமைப்பைப் பின்பற்றியதுதான். விலை அசலில் ஒரு சிறு பங்கு, வேலைக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். பழைய வெப்லிக்கு லட்சங்கள் கொடுப்பவர் பெரும்பாலும் பெயருக்குத்தான் கொடுக்கிறார்.

நீளத் துப்பாக்கியின் கதை நேர்மாறு. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று. மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் எதைக் கைவிடுவார்கள்? பரண்மேல் இருப்பதைத்தான். அப்படிக் கடைகளுக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு போர்களில், பர்மிங்ஹாமில் கையால் இழைத்துச் செய்த அருமையான வேலைப்பாடுகளும் உண்டு. லைசென்ஸும் உண்மையான தேவையும் உள்ளவர்களுக்கு, அதாவது தோட்ட மானேஜர், பேங்க் காவல் வேலைக்கு வரும் மாஜி ராணுவத்தார், களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்காரர் ஆகியோருக்கு, இன்று கொடுத்த பணத்துக்கு மிஞ்சிய சரக்கு அதுதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். .303 ரைஃபிளும் .38 ரிவால்வரும் நமக்குக் கிடையாது, .315உம் .32உம்தான் உண்டு, ஏன்? பட்டாளத்துத் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. 1907இல் .450 அளவையும் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்தான். சீமைக் கம்பெனிகள் சளைக்கவில்லை. .465, .470 என்று புதிய அளவுகளை உண்டாக்கி நம் மகாராஜாக்களுக்கு விற்றன. இஷாப்பூர் ஃபாக்டரியின் .315 ரைஃபிள் இன்றும் அந்தக் கணக்கின் வாரிசுதான். எனவே பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, அளவை. தடை செய்த அளவாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தோட்டா கடையில் கிடைக்காத அளவாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய பன்னிரண்டு போரைச் சோதிப்பதைப் பற்றி நான் பேங்கில் இருந்தபோது ஒரு கடைக்கார முதியவர் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன். துப்பாக்கியைத் திறந்து காலி என்று இரண்டு பேர் கண்ணால் பார்த்த பிறகுதான் எதுவும். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்ட வேண்டும். மணி மாதிரி 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. 'தொப்' என்று ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே துரு ஏறியிருக்கும். நம் பாட்டிமார் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கின அதே சாஸ்திரம்! பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கவும். நிழல் வளையமாகத் தெரிந்தால் குழல் எப்போதோ வீங்கியிருக்கிறது. புள்ளிகள் தெரிந்தால் துரு அரித்திருக்கிறது. மறுபடி பூட்டியபின் பின்புறம் குழலுக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது, ஆட்டினால் ஆடக்கூடாது.

குழலின் மேல் மரத்தின் ரேகைபோல, கோலம்போல வரிவரியாக இருந்தால் ரொம்ப அழகாக இருக்கும். அது இரும்பையும் எஃகையும் பின்னி முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தது, இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துவிடலாம். சீமைத் துப்பாக்கிகளில் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையின் முத்திரை குழலின் அடியில் இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம். இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. இப்போது வருவது பெரும்பாலும் 70 மி.மீ. போட்டால் உள்ளே போகும், மூடவும் மூடும், ஆனால் சுடும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். கடைக்காரரிடம் அளக்கச் சொல்லுங்கள். அளக்க மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

ரிவால்வராக இருந்தால், காலியாக வைத்து மெதுவாக விசையை இழுக்கும்போது ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு தடவையும் பார்க்க வேண்டும். உடலில் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் எழுத்து வித்தியாசமும் கூடாது. புதிதாகக் கறுப்புப் பூச்சு ஏற்றியதைக் கண்டால் எண்ணைச் சுற்றி நன்றாகப் பார்க்கவும். தனியாரிடம் நேராக வாங்குவதானால் விற்பவர் மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வியாபாரி மூலம் போவதே மேல்.

கொல்கத்தாவில் லைசென்ஸ் விஷயம் லால்பஜாரில் போலீஸ் கமிஷனர் ஆபீஸ், மாவட்டங்களில் மாஜிஸ்திரேட். இறந்தவரின் சட்டப்படியான வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம், 2016 ஆயுத விதிகள் அதற்கு இடம் தருகின்றன. லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆகிவிட்டாலோ 25 வருஷம் வைத்திருந்தாலோ, பிள்ளைக்கோ பெண்ணுக்கோ மாற்றவும் வழி உண்டு. வீட்டில் பெரியவர் இருக்கும்போதே இதைப் பேசி முடிப்பது நல்லது. நமக்குத்தான் அப்படிப்பட்ட பேச்சை எடுக்கவே கூச்சம். மாமியின் தங்கை பிள்ளை சட்டப்படி வாரிசு அல்ல, மாமியும் பெண்ணும்தான் வாரிசு. அதனால் 'குடுத்துடலாம்' என்பது நடக்காது. அவர் தன் ஜில்லாவில் தனியாக லைசென்ஸ் வாங்கி, வியாபாரியிடம் ஒப்படைத்த ரிவால்வரை முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. எட்டு மாதம் பிடித்தது.

இப்போது உறை. இதில்தான் எனக்குச் சொந்த அனுபவம் அதிகம், சொல்லவும் ஆசை அதிகம். பேங்கில் இருந்தபோது காவல்காரர்களின் தோல் சாமான்களை வருஷா வருஷம் நான்தான் வாங்கிக் கொடுப்பேன்.

உறை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துப் போவதானால் உறையிலோ அதற்கான பையிலோ, முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் இருக்கும்படி எடுத்துப் போக வேண்டும். உறையின் முதல் வேலை விசையை மூடுவது. விசை வளையம் முழுவதும் தோலுக்குள் மறைந்திருக்க வேண்டும், விரலோ சட்டை நுனியோ சாவிக்கொத்தோ உள்ளே போகக்கூடாது. இரண்டாவது, உட்கார்ந்தாலும் ஓடினாலும் விழாமல் பிடித்திருப்பது. மூன்றாவது, எடுத்தபின் வாய் மூடிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்பது. தொளதொள உறையில் ரிவால்வரைத் திரும்பச் செருகும்போது தோல் மடிந்து விசையில் மாட்டித்தான் விபத்துகள் நடக்கின்றன.

இந்த மூன்றும் தோலைப் பொறுத்தவை. நம் ஊர் டாங்கிராவில் ஹக்கா சீனர்கள் நடத்திய தோல் ஷாப்புகளைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வோமே! 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டாங்கிரா, டோப்சியா, தில்ஜலா, பக்லாடாங்கா பகுதித் தோல் ஷாப்புகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது, இப்போது தொழில் பான்தலாவில் நடக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றியும் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கல்கத்தா தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மிருதுவாக, மடங்குவதாக இருக்கும், மணிபர்ஸுக்கும் கையுறைக்கும் அருமை. உறைக்கு ஆகாது. நனைத்து அழுத்தினாலும் வடிவம் நிற்காது, அதிலுள்ள உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யவும் கூடும்.

உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். இதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த சென்னைத் தோல் லண்டன் சந்தைக்குப் போன காலம் உண்டு. ஆவாரம்பட்டை போதாமல் பிறகு வாட்டில் பட்டை வந்தது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கம் இன்றும் அப்படிப் பதனிடுகிறார்கள். கடையில் கேட்டால் 'வெஜிடபிள் டான்' என்று சொல்லுங்கள், புரியும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நடுவில் நீலமோ பச்சையோ தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. ஒரு துளித் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். கனம் மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

தையல் மிஷினில் வேண்டாம். ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து இழுக்கும் சேணத் தையல்தான் நிற்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பிரியாது. மிஷின் தையலில் ஒன்று விட்டால் வரிசையாக விடும். நூலுக்கு மெழுகு பூசியிருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு தோலுக்கு நடுவே ஒரு பட்டி வைத்துத் தைத்தால் ரிவால்வரின் விளிம்பு நூலை அறுக்காது. பெல்ட் நுழையும் வழி பெல்ட்டின் அகலத்துக்கே இருக்க வேண்டும், ஒன்றரை அங்குல பெல்ட்டுக்கு இரண்டு அங்குல வழி வைத்தால் உறை ஊஞ்சலாடும்.

பென்டிங்க் தெருவின் சீனச் செருப்புக் கடைகள் குறைந்துவிட்டன. ஆனால் பக்கத்துச் சந்துகளில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செருப்புத் தைப்பவரைவிடச் சேணமோ டிராவல் பையோ தைக்கிறவரிடம் போவது நல்லது. வேலையைக் கொடுக்குமுன் அவர் ஏற்கெனவே தைத்த ஒரு சாமானின் உட்பக்கத் தையலைப் பாருங்கள்.

மாமி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அளவு எடுக்க ரிவால்வரை அவரிடம் விட்டுவிட்டு வரலாமா? கூடவே கூடாது. தைப்பவருக்கு ஆயுத லைசென்ஸ் கிடையாது, அவர் கடையில் ஒரு ராத்திரி இருந்தாலும் அவருக்கும் குற்றம், கொடுத்தவருக்கும் குற்றம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் இப்படித்தான் இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போனால் கடை பூட்டியிருந்தது, கடைக்காரர் உறவில் சாவென்று பீகாருக்குப் போயிருந்தார். நண்பர் ஐந்து நாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஆறாம் நாள் கடை திறந்தது, சாமானும் இருந்தது. ரிவால்வர் கையிலிருக்கும் கொஞ்ச நாளிலேயே பத்து வயசு கூடிவிட்ட முகம் அவருக்கு.

இதற்கு எளிய வழி இருக்கிறது. துப்பாக்கி வியாபாரி முன்னிலையில், காலியான ரிவால்வரைக் கனமான காகிதத்தில் வைத்து, பென்சிலை நெட்டாகப் பிடித்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். குழலின் தடிமன், தோட்டா உருளையின் தடிமன், பிடியின் தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதை ஒரு தச்சரிடம் கொடுத்தால் ஒரே நாளில் மரத்தில் அதே வடிவம் செய்து தருவார். தங்கை பிள்ளைக்கு அப்படித்தான் செய்தோம். வேப்ப மரத்தில் செய்த அந்தப் பொம்மை ரிவால்வரைத் தோல்காரரிடம் கொடுத்தோம், எத்தனை நாள் வைத்திருந்தாலும் கவலையில்லை. அவர் தோலை வெந்நீரில் நனைத்து, மரத்தின் மேல் வைத்து, எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்து அச்சாகப் பதிய வைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினார். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். புது உறை இறுக்கமாகத்தான் இருக்கும். காலி ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி ஒரு ராத்திரி உள்ளே வைத்திருந்தால் சரியாகும். சிலர் எண்ணெயில் ஊறப்போடுகிறார்கள், அப்படிச் செய்தால் வாழைப்பட்டை மாதிரி தொய்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இதை மாமா செய்யாமல் இருந்திருந்தால் அவர் வெப்லிக்கு இன்னும் விலை வந்திருக்கும். உறை எடுத்துப் போவதற்குத்தான், வைத்திருப்பதற்கு அல்ல. பட்டைத் தோலில் புளிப்பு உண்டு, கல்கத்தா மழைக்காலத்தில் அது காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் செருப்பிலும் புத்தகத்திலும் பூசணம் பூப்பதைப் பார்க்கிறோமே! அந்த ஈரத்தோடு இரும்பு மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் உறையின் தையல் வரிசை அப்படியே இரும்பில் துருவாகப் பதிந்துவிடும். மாமாவின் ரிவால்வரில் இடது பக்கம் முழுக்க அப்படி இருந்தது. பேங்கில் காவல்காரர்களின் தோல் தோட்டாப் பட்டையில் நிரந்தரமாகக் கிடந்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றிரண்டு அறையில் நுழையவே மறுத்ததை நானே பார்த்திருக்கிறேன். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்து, காலியாக, பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டா வேறு பூட்டில், உறை வெளியே காற்றாட. தேர்தல் சமயத்தில் வியாபாரியிடம் ஒப்படைக்கும்போதும் உறையைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம், உறைக்கு லைசென்ஸ் கிடையாது.

பன்னிரண்டு போர் விலைபோய்விட்டது. ரிவால்வர் இப்போது டூவார்ஸில் இருக்கிறது. மாமாவின் பழைய உறை, 1974இல் பென்டிங்க் தெருவில் ஒரு சீனர் தைத்தது, மாமியிடமே இருக்கிறது. ஒரு கண்ணிகூட விடவில்லை. போன வாரம் போனபோது அது சமையலறை ஆணியில் தொங்கியது. உள்ளே மாமியின் மூக்குக்கண்ணாடி இருந்தது.